விலை வீழ்ந்தும் வடிந்த பால்

1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து கப்பலேறி வந்து ஹேனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழிவந்தவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவனல்லையைச் சூழ்ந்த கேகாலைக் குன்றுகளிலும் பரவின. 1910இல் இலண்டன் சந்தையில் இறப்பர் இறாத்தல் 12 சிலிங்குக்கு மேல் விலைபோயிற்று. பங்கு விற்றும் கடன் வாங்கியும் தோட்டங்கள் திறக்கப்பட்டன.

ஆனால் இறப்பர் நெல்லைப் போன்றதன்று. நட்ட மரம் பால்தர ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காடு வெட்டிய செலவு, பாதை, லயம், புகைவீடு ஆகிய யாவும் சிரட்டையில் முதற்சொட்டு விழுமுன்னரே செலவாகிவிட்ட பணம். துரையின் சம்பளமும் கடன் வட்டியுமோ, பால் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் கொடுக்க வேண்டியவை. ஆகவே வெட்டுக்கூலிக்கும் கப்பற்கூலிக்கும் மேலாக ஒரு சதம் மிஞ்சினாலும் வெட்டுவதே தோட்டத்துக்கு நன்மை. தனியொரு தோட்டத்துக்கு இது விவேகந்தான். எல்லாத் தோட்டங்களும் இவ்விவேகத்தையே கைக்கொண்டபோது சந்தையில் சரக்குக் குவிந்து விலை மேலும் சரிந்தது.

1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் இலங்கையிலும் மலாயாவிலும் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டிற்று. 1925இல் விலை 4 சிலிங்கைத் தாண்டியது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளோ இத்திட்டத்திற் சேரவில்லை. உயர்ந்த விலையைக் கண்டு அங்குள்ள சிறுநிலத்தவர் புதுமரங்களை நட்டனர். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அம்மரங்கள் பால்தரும் பருவமும் உலகப் பொருளாதார மந்தமும் ஒருங்கே வந்தன. 1932இல் இறாத்தல் 2 பென்சுக்கும் கீழிறங்கிற்று.

அப்போதுதான் பல தோட்டங்கள் கத்தியைக் கீழே வைத்தன. போட்ட பாதையைச் சுருட்டி விற்க முடியாது. குறைக்கக்கூடியதாக எஞ்சியது கூலி. 1929 முதல் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு மலைநாட்டில் 54, இடைநாட்டில் 52, கீழ்நாட்டில் 50 சதம் என்றிருந்த குறைந்தபட்சக் கூலியும் முப்பதுகளின் முற்பகுதியிற் குறைக்கப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திரும்பினர்.

1934 ஜூனில் நடைமுறைக்கு வந்த சர்வதேச இறப்பர் உடன்படிக்கையில் ஒல்லாந்தரும் சேர்ந்தனர். இலங்கையில் ஏற்றுமதி உரிமை கூப்பன்களாக வழங்கப்பட்டது. சிறுநிலத்தவர் சிலர் மரத்திற் கத்தி வைக்காமலே கூப்பனை விற்றுக் காசாக்கினர். கடன்படாமல் மரம் நட்ட கிராமத்தவன், விலை ஏறும்வரை பொறுத்திருக்கவும் முடிந்தது. லயத்தில் வாழ்ந்தவனிடம் மரமுமில்லை, கூப்பனுமில்லை.