பால்வழி மண்டலம்

சூரியன் உட்பட 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் அடங்கிய, நம்முடைய விண்மீன் மண்டலம். சுருள் கரங்கள் கொண்ட தட்டு வடிவினது. குறுக்களவு ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு. சூரியன் இதன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. தட்டுக்குள்ளேயே இருந்து பார்ப்பதால், வானைச் சுற்றி ஓடும் மங்கலான வெண்பட்டையாகவே நமக்கு இது தெரிகிறது. இந்திய மரபு இதனை ஆகாய கங்கை என்றது.

தனுசு, விருச்சிக ராசிகளின் திசையில் பட்டை அகன்று ஒளிரும். அங்கேயே கருந்திட்டுகள் அதைக் கிழித்துச் செல்லும். தென்னமெரிக்க இன்காக்கள் அந்த இருளில் லாமாவைக் கண்டார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஈமு பறவையைக் கண்டார்கள். வானியலாளர்களோ நெடுங்காலம் அந்த இருளைப் பொருட்படுத்தவில்லை. அதன் விலை பெரிது.

வெண்பட்டை எண்ணற்ற விண்மீன்களின் கூட்டம் என்பதை 1610இல் தொலைநோக்கி வழியே கண்டு எழுதினார் கலிலியோ. வில்லியம் ஹெர்ஷல் வானில் அறுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் விண்மீன்களை எண்ணி, 1785இல் மண்டலத்தின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். அதில் சூரியன் ஏறக்குறைய நடுவில் இருந்தது. எண்ணியதில் குறையில்லை, கருந்திட்டுகளாகத் தெரியும் தூசி தொலைவிலுள்ள விண்மீன்களை மறைக்கும் என்பதுதான் அன்று தெரியாது. மூடுபனியில் நிற்பவருக்கு எத்திசையிலும் ஒரே தூரம் தெரிவதுபோல, சூரியனே மையம் என்று தோன்றிவிட்டது. அந்த மயக்கம் 130 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1918இல் ஹார்லோ ஷாப்லி வேறு வழியில் போனார். கோள வடிவ விண்மீன் கொத்துகள் பல தட்டுக்கு மேலும் கீழும் இருப்பவை; தூசி அவற்றை அதிகம் மறைப்பதில்லை. அவை தனுசு திசையில் குவிந்திருப்பதைக் கொண்டு மையம் அங்கே என்றார். தொலைவை மட்டும் மிகையாகக் கணித்தார். ராபர்ட் டிரம்ப்ளர் 1930இல் தூசியின் ஒளிமறைப்பை நிறுவிய பின்பே கணக்கு நேரானது. இதற்கிடையே எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமெடா பால்வழிக்கு வெளியே உள்ள தனியொரு விண்மீன் மண்டலம் எனக் காட்டிவிட்டார்.

ரேடியோ அலைகளைத் தூசி தடுப்பதில்லை. மையத்திலுள்ள, சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறைகொண்ட கருந்துளையின் படம் 2022இல் அவற்றின் துணையால்தான் வெளியானது.

செயற்கை வெளிச்சத்தால் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வழி தெரிவதில்லை என 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் ஊர் விளக்குகளுக்கு அப்பால், மார்ச் மாத அமாவாசையை ஒட்டி, விடியலுக்கு முன் தெற்கு, தென்கிழக்கு வானில் மையப்பகுதியைப் பார்க்கலாம், தொலைநோக்கி தேவையில்லை.