இட்லியின் மேல் ஒரு நத்தை

வாழை இலையில் நாலு இட்லி. பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. மேலே இருக்கிற இட்லியின் விளிம்பில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தை உட்கார்ந்து, கொம்பை நீட்டிச் சட்னியை எட்டிப் பார்க்கிறது. இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் முதலில் முகத்தைச் சுளிப்பீர்கள். அடுத்த நிமிஷமே சிரித்து விடுவீர்கள். நத்தை களிமண்ணில் செய்தது. இட்லி மட்டும் நிஜம். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது. வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்து, நிறத்தைச் சரிப்படுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த வேடிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். படத்தோடு படத்தை ஒட்டும் வித்தைக்கு ஏறக்குறைய நூற்றெழுபது வயது ஆகிறது. அதன் சரித்திரத்தில் மகாராணி உண்டு, பேய் உண்டு, தேவதை உண்டு, கோர்ட்டு வழக்கும் உண்டு. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தச் சரித்திரத்தில் சொந்த அக்கறையும் உண்டு. நடக்காததை நடந்தது போல ஒட்டிக் கொடுப்பதுதானே என் தொழிலும்? எதுவரை அது விளையாட்டு, எங்கே அது மோசடி ஆகிறது என்ற கேள்வி என்னையும் விடுவதில்லை.

முதன்முதலில் ஒட்டியவர்கள் வேறு வழியில்லாமல்தான் ஒட்டினார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் நீல ஒளிக்கு மட்டும் சட்டென்று மயங்கும். கடல் நன்றாக விழும்வரை காமிராவைத் திறந்து வைத்தால் வானம் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். வானத்துக்குத் தக்கபடி சீக்கிரம் மூடினால் கடல் தார்க் குட்டையாகிவிடும். பிரான்ஸ் தேசத்து குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 வருஷங்களில் இதற்கு ஓர் உபாயம் செய்தார். கடலுக்கு ஒரு நெகடிவ், மேகத்துக்கு ஒரு நெகடிவ். அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி அச்சிட்டார். நல்ல மேகமாக ஒன்று அகப்பட்டால் அதையே வேறொரு கடலுக்கும் கூரையாகப் போட்டுவிடுவார்!

அதே 1857-ல், ஸ்வீடனில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆஸ்கார் ரெய்லாண்டர் ஒரு பெரிய காரியம் செய்தார். நல்வழியில் போகும் வாலிபன் ஒருவன், கெட்ட வழியில் போகும் வாலிபன் ஒருவன், இருவரையும் சுற்றி ஒரு பெருங்கூட்டம். நாடக மேடை போன்ற இந்தக் காட்சியை அவர் ஒரேயடியாக எடுக்கவில்லை. இரண்டு மூன்று பேராக நிறுத்தி முப்பதுக்குக் குறையாத நெகடிவ்களில் எடுத்தார். ஒரு நெகடிவைக் காகிதத்தின் மேல் வைத்து, வேண்டாத இடத்தை மூடி, வெளிச்சம் காட்டி, பிறகு அதை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். ஒன்று மயிரிழை நகர்ந்தால் ஒருவன் தோளில் இன்னொருவன் தலை முளைத்துவிடும். மான்செஸ்டர் கண்காட்சியில் இந்தப் படத்தைப் பார்த்த விக்டோரியா மகாராணி ஒரு பிரதி வாங்கினாள். கெட்ட வழிப் பக்கத்தில் ஆடையில்லாத பெண்கள் இருந்ததால் எடின்பரோவில் ஆட்சேபம் கிளம்பியது. ஓவியத்தில் அதைப் பார்த்துச் சலித்தவர்களுக்குப் போட்டோவில் பார்க்க மனம் பொறுக்கவில்லை. போட்டோ என்றால் நிஜம் என்று அதற்குள் உலகம் நம்ப ஆரம்பித்துவிட்டது. ஒட்டுக்கலையின் முதலும் அந்த நம்பிக்கைதான், பிற்பாடு வந்த ஆபத்தும் அதுதான்.

ஆபத்து வெகு சீக்கிரமே வந்தது. 1860-களில் பாஸ்டன் நகரத்து வில்லியம் மம்லர், தம் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பின்னால் இறந்துபோன உறவினரின் ஆவியும் நிற்பது போலப் படம் எடுத்துக் கொடுத்தார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். பிள்ளையையோ புருஷனையோ பறிகொடுக்காத வீடு அபூர்வம். காசு கொட்டியது. 1869-ல் நியூயார்க்கில் அவர் மேல் மோசடி வழக்குப் போட்டார்கள். ஆவிப் படத்தை எப்படிச் செய்திருக்கலாம் என்று விதவிதமாகச் சாட்சி சொன்னார்கள். ஆனால் அவர் செய்தது எந்த விதம் என்று நிரூபிக்க முடியவில்லை. விடுதலையாகி வந்தார். சில வருஷங்களுக்குப் பிறகு லிங்கனின் விதவை மனைவியே அவரிடம் போய் உட்கார்ந்தாள். தோளில் கை வைத்தபடி மங்கலாகக் கணவரின் உருவம் நிற்கும் படத்தோடு திரும்பினாள். அந்த அம்மாளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் நத்தையின் நேர் மூதாதைகளுக்கு வருவோம். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் காட்டிங்லி என்று ஒரு கிராமம். 1917-ல் அங்கே எல்ஸி ரைட் என்ற பதினாறு வயதுப் பெண்ணும், அவளுடைய ஒன்பது வயதுச் சித்தி பெண் பிரான்ஸஸ் கிரிபித்ஸும் ஓடைக்கரையில் படம் எடுத்தார்கள். சிறுமியின் முகத்துக்கு எதிரே, சாண் உயரத் தேவதைகள் இறக்கை விரித்து நடனமாடின! ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் இந்தப் படங்களை நம்பினார். 1920 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் உலகறிய வெளியிட்டார். உலகத்திலேயே பெரிய துப்பறிவாளனைக் கற்பனை செய்தவருக்குக் காகிதத் தேவதையைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிபுணர் ஒருவரிடம் நெகடிவைக் காட்டினார்கள். அவர் ஒட்டுப் போட்ட அடையாளத்தைத் தேடினார். ஒரே தடவையில் எடுத்த படம்தான், இருட்டறை வேலை எதுவும் இல்லை என்று சொன்னார். அவர் சொன்னது சத்தியம். எல்ஸி ஒரு பரிசுப் புத்தகத்தில் இருந்த நாட்டியப் பெண்களின் படத்தைப் பார்த்து வரைந்து, இறக்கை சேர்த்து, கத்தரித்து, தொப்பி ஊசியால் புதரில் நிற்க வைத்திருந்தாள். சிறுமியின் முகத்தில் விழுந்த அதே வெளிச்சம் தேவதைகள் மேலும் விழுந்தது. நெகடிவில் ஒட்டு இருந்தால்தானே அகப்படும்? ஒட்டு ஓடைக்கரையிலேயே முடிந்துவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கை: அந்தப் பரிசுப் புத்தகத்தில் கானன் டாயிலின் கதையும் ஒன்று இருந்தது! காகிதச் சூழ்ச்சியை அந்த இருவரும் ஒப்புக்கொண்டது 1983-ல்தான். அதற்குள் கிழவிகளாகிவிட்டார்கள். அப்போதும், ஐந்து படங்களில் கடைசிப் படம் மட்டும் நிஜம் என்று பிரான்ஸஸ் சாதித்தாள்.

வெளிச்சம் பாதி என்றால் நிறம் மறு பாதி. கலர் போட்டோவைக் கடைச் சரக்காக்கியதில் உருளைக்கிழங்குக்குப் பங்கு உண்டு என்றால் நம்புவீர்களா? பிரான்ஸில் லூமியே சகோதரர்கள் 1907-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் தகட்டில், உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிப் பரப்பியிருந்தார்கள். அந்த மாவு வழியாக வடிந்த வெளிச்சம்தான் நிறமாகத் தெரிந்தது.

நிறம் வந்ததும் புதுத் தகராறும் வந்தது. சமையலறை பல்பின் வெளிச்சம் மஞ்சள். ஜன்னல் நிழல் வெளிச்சம் நீலம். நம் கண் தாராள மனசு படைத்தது. இட்லி வெள்ளை என்று முன்கூட்டியே தீர்மானித்து, எந்த வெளிச்சத்திலும் வெள்ளையாகவே பார்க்கும். காமிராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஆகவே யாராவது நிறத்தைத் திருத்தித்தான் ஆக வேண்டும். எதை அளவாக வைத்துத் திருத்துவது? கோடாக் கம்பெனியின் கலர்ப் படங்களை அச்சிட்ட இடங்களில் வெகுகாலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் அளவாக வைத்திருந்தார்கள். 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் கண்ணும் பல்லுமாக மட்டும் தெரிந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லை. 1960, 70-களில் சாக்லெட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும், தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் வித்தியாசமில்லாமல் விழுகின்றன என்று புகார் செய்தார்கள். அதன் பிறகே கம்பெனி பிலிமைத் திருத்தியது என்று கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனுஷ முகத்துக்குக் கிடைக்காத நியாயம் மிட்டாய்க்குக் கிடைத்திருக்கிறது! மாநிறக்காரர்களான நாம் சிரிப்பதா, கோபிப்பதா?

சாப்பாட்டுப் படத்திலும் பெரிய புரளி நடந்தது. 1960-களின் கடைசியில் காம்ப்பெல் கம்பெனியின் சூப் விளம்பரம் ஒன்றில் காய்கறித் துண்டுகள் கிண்ணம் நிறைய மிதந்தன. அடியில் கண்ணாடிக் கோலிகள் போட்டிருந்தார்கள். காய்கறிகளெல்லாம் அவற்றின் மேல் தங்கி, மேலே தலைகாட்டின. சூப் நிஜம், காய்கறி நிஜம், போட்டோவிலும் ஒட்டு இல்லை. ஆனாலும் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் தலையிட்டது. 1970-ல், இனி அப்படிச் செய்வதில்லை என்று கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர் செய்த புதுமை என்ன? ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நாலாவதாக ஓர் எண் கொடுத்தார்கள். கீழே இருப்பதை இந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்று அது சொல்லும். நத்தைக் கொம்பின் ஓரத்தில் ஒரு புள்ளி பாதி கொம்பு, பாதி சட்னியாக இருக்கலாம். 1970-களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் கண்ட யோசனை இது. 1984-ல் போர்ட்டர், டஃப் இருவரும் அதைத் தெளிவான கணக்காக எழுதினார்கள். 1990-ல் 'போட்டோஷாப்' வந்து இந்தக் கணக்கை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தது. ரெய்லாண்டர் மூடி மூடிச் செய்த வேலைதான், கை கறைபடாமல் நடக்கிறது.

ஆனால் பழைய பாடங்கள் மாறவில்லை. இட்லிக்கு இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்திருந்தால் நத்தைக்கும் இடப்பக்கத்திலிருந்தே வர வேண்டும். நத்தை தொடுகிற இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடாக நிழல் விழ வேண்டும். அது இல்லாவிட்டால் நத்தை ஆகாயத்தில் தொங்கும். சட்னியின் வெளுப்பு நத்தையின் வயிற்றில் லேசாகப் பிரதிபலிக்க வேண்டும். பின்னாலுள்ள இட்லி மங்கியிருந்தால் அங்கே உட்காரும் பிராணியும் அதே அளவு மங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு படத்திலும் வெள்ளையை வெள்ளையாக்கிக் கொள்ள வேண்டும். காட்டிங்லிப் பெண்கள் தெரியாமலே கடைப்பிடித்த விதி இது: இரண்டுக்கும் ஒரே வெளிச்சம்.

என் கேள்விக்கு இந்தச் சரித்திரம் ஒரு விதமாகப் பதில் சொல்கிறது. ஒட்டு எவ்வளவு நேர்த்தி என்பதை வைத்து மோசடியை அளக்க முடியாது. காம்ப்பெல் படத்தில் ஒட்டே இல்லை, ஆனாலும் அது பொய். நத்தைப் படம் முழுக்க ஒட்டு, அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இட்லி மேல் நத்தை ஏறாது என்பது பார்க்கிறவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏமாறத்தான் அவர் வருகிறார், கதை படிக்க வருகிறவரைப் போல. சூப் வாங்க வந்தவர் அப்படி வரவில்லை. மம்லரிடம் போன தாய்மார்களும் அப்படிப் போகவில்லை. அவர்களுக்கு அந்தப் படம் நிஜமாக இருந்தே தீர வேண்டும். அந்தத் தேவையைக் காசாக்கியதுதான் குற்றம்.

ஆகவே நத்தை செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். கொம்பு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் நிறம் திருத்தும்போது இட்லியை மல்லிகைப்பூவாக்கி ஓட்டல் வாசலில் மாட்டிவிட்டு, உள்ளே வருகிறவனுக்குப் பழுப்பு இட்லியைப் போடாமல் இருந்தால் போதும்.