எண்ணியல் நெகட்டிவும் அதன் திறவுகோலும்



பிலிம் வழங்கிய காலத்தில் ஒளிப்படக்காரர் ஒருவரின் செல்வம் யாதெனில் அவருடைய நெகட்டிவ்களே. கமராவைச் செய்த கம்பனி ஒன்று. பிலிமைச் செய்தது வேறொன்று. படத்தைப் பதிக்கும் தாளைச் செய்தது மூன்றாவது ஒன்று. எனினும் இம்மூன்றும் ஒன்றோடொன்று இணங்கின. முப்பத்தைந்து மில்லிமீற்றர் அகலமுள்ள பிலிம் சுருளை ஜெர்மனியக் கமராவிலும் இடலாம், யப்பானியக் கமராவிலும் இடலாம். கழுவி எடுத்த நெகட்டிவை எந்த ஊர் இருட்டறையிலும் அச்சிடலாம். அதற்காகக் கமராவைச் செய்த கம்பனியிடம் அனுமதி கேட்க வேண்டும் என எவரும் கனவிலும் எண்ணியதில்லை. கமராக் கம்பனி மூடப்பட்டாலும் நெகட்டிவ் நெகட்டிவாகவே இருந்தது.

பிலிம் போய் எண்ணியற் கமரா வந்தபோது இந்தச் சுதந்திரம் ஓசையின்றிக் கைநழுவிற்று. அஃது எவ்வாறு போயிற்று, அதை மீட்க யார் யார் முயன்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் கமராவினுள்ளே நிகழ்வதைச் சிறிது காண்போம். எண்ணியற் கமராவின் உள்ளே பிலிம் இருந்த இடத்தில் ஒளியை உணரும் சிறு தகடு ஒன்று உண்டு. அதன்மேல் இலட்சக்கணக்கான நுண் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் வீழ்ந்த ஒளி எவ்வளவு என்பதை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. ஐக்கிய அமெரிக்காவின் கொடாக் கம்பனியில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்னும் அறிஞர் இக்குறைக்கு ஒரு வழி கண்டார். 1976 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. புள்ளிகளின்மீது நிற வடிகட்டிகளைப் பதிப்பதே அவ்வழி. நான்கு புள்ளிகளில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். மனிதனுடைய கண் பச்சை ஒளியிலேயே நுணுக்கத்தை மிகுதியாக உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தையே அளக்கும். எஞ்சிய இரண்டையும் அயற்புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். ஆகவே நாம் காணும் எண்ணியற் படத்தின் நிறச் செய்தியில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கினால் பிறந்தது.

அந்தக் கணக்கைக் கமராவே செய்து, படத்தைச் சுருக்கி, நமக்கு முடிந்த படமாகத் தந்துவிடுவதுண்டு. அதுவே ஜேபெக் என்னும் கோப்பு. ஆனால் கணக்கிடுமுன் தகடு அளந்த எண்களை அப்படியே கோப்பாகத் தருமாறும் கமராவைப் பணிக்கலாம். ஆங்கிலத்தில் இதனை ‘றோ’ என்பர். சமைக்காதது, பச்சையானது என்பது பொருள். நாம் இதனை மூலக் கோப்பு என்று அழைப்போம். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. மூலக் கோப்பிலோ 4,096 படிகள், பல கமராக்களில் 16,384 படிகள் உண்டு. நிழலில் மறைந்த முகத்தை வெளிக்கொணரவும், வெளிறிய வானத்தை மீட்கவும், மஞ்சள் விளக்கொளியின் சாயலைப் போக்கவும் இந்தப் படிகளே துணை. பிலிமில் நெகட்டிவ் எதுவோ, எண்ணியற் படத்தில் மூலக் கோப்பு அது.

இவ்விடத்திலேதான் சிக்கல் பிறந்தது. ஒவ்வொரு கம்பனியும் தன் மூலக் கோப்பைத் தன் விருப்பப்படி எழுதிற்று. எழுதிய முறையை வெளியிடவுமில்லை. கனொனுக்கு ஒரு வகை, நிக்கொனுக்கு வேறொரு வகை, மினோல்டாவுக்குப் பிறிதொரு வகை. அதே கம்பனியின் அடுத்த கமராவில் அந்த வகையும் மாறும். கனொன் கம்பனி 2004 ஆம் ஆண்டில் தன் பழைய வகையைக் கைவிட்டுப் புதியதொன்றைக் கொணர்ந்தது. 2018 இல் அதனையும் விட்டு மூன்றாவது வகைக்கு மாறிற்று.

கோப்பின் அமைப்பு மாறாதபோதும் இடர் தீர்வதில்லை. புதிய கமராவின் தகட்டிலுள்ள வடிகட்டிகளின் சாயம் பழையதனின்று சற்றே வேறுபடும். அந்தச் சிவப்பும் பச்சையும் நீலமும் உலகத்து நிறங்களோடு எவ்வாறு பொருந்தும் என்பதைச் சில எண்களின் அட்டவணை ஒன்றே சொல்லும். அந்த அட்டவணையைப் பெற வேண்டுமாயின், நிற அட்டையொன்றைப் பகலொளியிலும் இழை விளக்கொளியிலும் அந்தக் கமராவைக் கொண்டே படமெடுத்து அளத்தல் வேண்டும். மேலும், ஒளியே வீழாதபோது தகடு தரும் எண் எது, ஒளி நிரம்பி வழியும்போது தரும் எண் எது என்பவற்றையும் அறிதல் வேண்டும். இவற்றை அறியாத மென்பொருள், கோப்பைத் திறந்தாலும் முகங்களைப் பச்சை படர்ந்தனவாகவோ ஊதா பூத்தனவாகவோ காட்டும். ஆகவே பெரும்பாலான மென்பொருள்கள் தாம் அறியாத கமராவின் பெயரைக் கண்டதும் கோப்பைத் திறக்கவே மறுத்துவிடும். புதிய கமரா பழையதன் உடன்பிறப்பே எனக் கண்டவர்கள், கோப்பினுள் எழுதப்பட்ட கமராவின் பெயரை மட்டும் மாற்றி மென்பொருளை ஏமாற்றிய வேடிக்கையும் உண்டு!

நிற்க. இந்தப் பூட்டுகளுக்கெல்லாம் திறவுகோல் செய்யத் துணிந்தவர் தனி மனிதர் ஒருவர். டேவ் கொஃபின் என்னும் அமெரிக்க மென்பொருளாளர் 1997 ஆம் ஆண்டில் டிசிறோ என்னும் சிறு நிரலை எழுதத் தொடங்கினார். எந்தக் கமராவின் மூலக் கோப்பாயினும், எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட பணி. கம்பனிகள் முறையை வெளியிடாமையால், கோப்புகளை எண் எண்ணாக ஆராய்ந்து, எழுதியவன் மனத்தில் இருந்ததை ஊகித்தறிந்தார். கல்வெட்டறிஞர் அறியாத எழுத்தை வாசிப்பது போன்ற வேலை இது. ஒரு வேற்றுமை: கல்வெட்டை வெட்டிய மன்னன் மாண்டு பல நூற்றாண்டுகள் ஆயின, இங்கோ எழுதியவர் உயிரோடிருந்தும் வாய் திறக்கவில்லை. தம் நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு கொஃபின் வெளியிட்டார். இலவச மென்பொருள்கள் மட்டுமன்றி, விலைக்கு விற்கும் மென்பொருள்கள் பலவும் அவருடைய உழைப்பின்மேல் எழுந்தன. 2018 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இறுதிப் பதிப்பு எழுநூற்றுக்கும் மேற்பட்ட கமராக்களை அறிந்திருந்தது.

மறுபுறம், பெருங்கம்பனிகளும் வாளாவிருக்கவில்லை. போட்டோஷொப் என்னும் புகழ்பெற்ற மென்பொருளைத் தம் தம்பி ஜோனுடன் ஆக்கிய தோமஸ் நோல் என்பவரே அடோபி கம்பனிக்காக மூலக் கோப்பைத் திறக்கும் இணைப்பு ஒன்றை எழுதினார். 2003 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது 99 டொலர் விலைக்கு வெளிவந்தது. கமராவோடு வரும் மென்பொருளின் மந்தத்தினால் சலிப்புற்றிருந்த ஒளிப்படக்காரர் அதனை ஆவலோடு வாங்கினர். அதே ஆண்டில் வந்த போட்டோஷொப்பின் அடுத்த பதிப்பில் அது கூடவே இணைக்கப்பட்டது.

ஈராண்டுகள் செல்லுமுன் பூசல் மூண்டது. நிக்கொன் கம்பனி டி2எக்ஸ் என்னும் உயர்தரக் கமராவை வெளியிட்டது. அதன் மூலக் கோப்பில் வெண்மைச் சமநிலை பற்றிய குறிப்பு மறைகுறியாக எழுதப்பட்டிருந்தது. வெண்மைச் சமநிலை என்பது பெரிய இரகசியமன்று; வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தோன்றுவதற்கு ஒவ்வொரு நிறத்தையும் எத்தனை மடங்காகப் பெருக்க வேண்டும் என்னும் சில எண்களே அது. அந்தச் சில எண்களுக்குப் பூட்டுப் போட்டமையால் 2005 ஆம் ஆண்டில் ஒளிப்பட உலகமே கொதித்தெழுந்தது. அதனை உடைப்பதில் தொழினுட்பத் தடை பெரிதாக இல்லை. கொஃபினும் வேறு சிலரும் விரைவில் உடைத்தே விட்டனர். ஆனால் அடோபி போன்ற பெரிய கம்பனிக்குச் சட்டம் குறுக்கே நின்றது. எண்ணியற் பூட்டுகளை உடைப்பதைத் தடைசெய்யும் சட்டம் ஒன்றை ஐக்கிய அமெரிக்கா 1998 ஆம் ஆண்டில் இயற்றியிருந்தது. அதன் கீழ் வழக்கு வரக்கூடும் என அஞ்சுவதாக நோல் வெளிப்படையாகவே எழுதினார். நிக்கொனோ, படத்தின் தரத்தைக் காப்பதே தன் நோக்கம் என்றும், தகுதியுள்ள மென்பொருளாளர் விண்ணப்பித்தால் தன் கருவித்தொகுதியைத் தரும் என்றும் விடை பகர்ந்தது. சில மாதங்களின் பின் இரு கம்பனிகளும் இணக்கத்துக்கு வந்தன.

இணக்கம் ஏற்பட்டது நன்றே. ஆயினும் அப்பூசல் எழுப்பிய வினா அடங்கவில்லை. கமராவை விலைகொடுத்து வாங்கியவர் ஒருவர். வெயிலில் நின்று படமெடுத்தவர் அவர். படத்தின் உரிமையும் சட்டப்படி அவருடையதே. அப்படியிருக்க, அந்தப் படத்தினுள் எழுதப்பட்ட எண்களை அவருக்கே மறைப்பது எந்த நியாயம்? தரத்தைக் காக்கும் பொருட்டு என்னும் விடை எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. தரம் குறைந்தால் நட்டம் படமெடுத்தவருக்கு; அதைத் தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கே இருத்தல் தகும். அந்த ஆண்டிலேயே ஒளிப்படக்காரர் சிலர் ஒன்றுகூடி, கோப்பு முறைகளை வெளியிடுமாறு கம்பனிகளைக் கோரும் இயக்கம் ஒன்றையும் தொடங்கினர். கம்பனிகள் செவிசாய்க்கவில்லை.

இந்தப் பூசலுக்குச் சற்று முன்னரே, 2004 செப்டெம்பரில், அடோபி ஒரு பொதுவழியை முன்வைத்திருந்தது. டிஎன்ஜி என்னும் அக்கோப்பு வகையின் பெயரே ‘எண்ணியல் நெகட்டிவ்’ என்பதன் சுருக்கம். அதன் இலக்கணம் யாவருக்கும் வெளியிடப்பட்டது, பயன்படுத்தக் கட்டணமில்லை. அதன் சிறப்பு எதுவெனின், முன்னர்க் கூறிய நிற அட்டவணையும் கருமை, வெண்மை எல்லைகளும் கோப்பினுள்ளேயே எழுதப்படுவதுதான். ஆகவே இன்று பிறந்த கமராவின் படத்தை, அதன் பெயரையே கேட்டறியாத நேற்றைய மென்பொருளும் திறந்துவிடும். மற்றை வகைக் கோப்புகளை இதற்கு மாற்றும் மென்பொருளையும் அடோபி இலவசமாக அளித்தது.

லைக்கா கம்பனி 2006 இல் வெளியிட்ட எம்8 கமராவில் இதனையே ஏற்றது. அதே ஆண்டில் பென்ரக்ஸ் தன் கே10டி கமராவில், சொந்த வகையையும் இதனையும் பக்கத்துப் பக்கமாக வைத்துத் தெரிவை வாங்குபவரிடமே விட்டது. ஆனால் சந்தையின் பெரும்பகுதியை ஆளும் கனொன், நிக்கொன், சோனி என்பன தங்கள் கமராக்களில் இன்றுவரை தத்தம் வகையையே வைத்துக்கொண்டுள்ளன. விந்தை யாதெனில், கைத்தொலைபேசிகள் இப்பொதுவழிக்கு வந்துவிட்டன. அன்ட்ராய்டு 2014 ஆம் ஆண்டிலும், ஐபோன் 2016 ஆம் ஆண்டிலும் டிஎன்ஜி கோப்பை ஏற்றன. சட்டைப்பையில் கிடக்கும் தொலைபேசி திறந்த நெகட்டிவைத் தருகிறது. அதனிலும் பன்மடங்கு விலையுள்ள கமரா பூட்டிய நெகட்டிவைத் தருகிறது.

பூட்டின் விலையைச் செலுத்தியவர் யார் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறலாம். அடோபியின் லைட்றூம் என்னும் மென்பொருளை ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்திருக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அவ்வாறு விற்கப்பட்ட கடைசிப் பதிப்பு 2015 இல் வந்த ஆறாம் பதிப்பு. 2017 டிசெம்பரோடு அதற்குப் புதிய கமராக்களைச் சேர்ப்பது நின்றது. மென்பொருள் பழுதடையவில்லை; முன்போலவே வேலை செய்தது. ஆனால் அதன்பின் புதுக் கமரா வாங்கியவர், மாதச் சந்தா கட்ட வேண்டும். அன்றேல் ஒவ்வொரு படத்தையும் முதலில் டிஎன்ஜி ஆக மாற்றிக் கொண்டுவர வேண்டும். பொதுவழியை வகுத்த கம்பனியே, புதுக் கமராவின் வருகையைச் சந்தாவுக்கு வாயிலாகவும் ஆக்கிக்கொண்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மற்றது, 2018 இல் வந்த கனொனின் மூன்றாவது வகைக் கோப்பு. முந்திய வகை பழகிய படக்கோப்பின் எலும்புக்கூட்டில் அமைந்தது. புதியதோ அசையும் படங்களுக்கு வகுத்த பெட்டி அமைப்பில் வந்தது. தன்னார்வலர் ஆக்கும் டார்க்டேபிள் என்னும் இலவச மென்பொருளில் அதனைத் திறக்கும் வசதி 2021 டிசெம்பரிலேயே வந்து சேர்ந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளுக்கு மேலாக, அந்தக் கமராவை வாங்கியவர் அம்மென்பொருளை நேரே பயன்படுத்த இயலாதிருந்தார்.

கம்பனிகள் நிலையானவை அல்ல என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பேயர் பணியாற்றிய கொடாக் 1992 இல் ‘போட்டோ சீடி’ என்னும் தட்டை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் கோப்பு முறையை முழுமையாக வெளியிடாமலே பின்னர் அதனைக் கைவிட்டது. அந்தக் கொடாக்கே 2012 இல் கடனிறுக்க வழியின்றி நீதிமன்றத்தை நாடிற்று. கொனிக்கா மினோல்டா 2006 இல் கமராத் தொழிலை விட்டகன்றது. அதற்கு முன்னைய ஆண்டில் கொன்ராக்ஸ் கமராக்களைச் செய்த கியோசெரா அவற்றை நிறுத்திற்று. அக்கமராக்களின் மூலக் கோப்புகள் இன்று திறக்கின்றன என்றால், பெரும்பாலும் கொஃபின் போன்றோர் அவற்றை உரிய காலத்தில் ஆராய்ந்து எழுதிவைத்தமையே காரணம்.

கொஃபினின் நிரல் நின்ற பின்னரும் பணி நிற்கவில்லை. அவருடைய நிரலின் வழியில் 2008 அளவில் தொடங்கிய லிப்றோ என்னும் நிரற்றொகுதி இப்போது அப்பணியைச் செய்துவருகிறது. தன்னார்வலர் சிலர் உலகிலுள்ள எல்லாக் கமராக்களின் மாதிரிக் கோப்புகளையும் இணையத்தில் ஓரிடத்தில் திரட்டிவருகின்றனர். புதுக் கமரா வாங்கியவரிடம் அவர்கள் பணம் கேட்பதில்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள் சில, கமரா எத்தனை முறைகளில் மூலக் கோப்பை எழுதுமோ அத்தனை முறைகளிலும் ஒவ்வொன்று, உரிமை கோராது அனுப்பினால் போதும் என்கின்றனர். படம் அழகாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சுவரும் சாளரமும் தெரிந்தாலும் அவர்களுக்குப் போதும்.