எடை தங்காத குதிரையின் குளிர்காலத் தீவனம்

வட அமெரிக்கா, பிரிட்டன் போன்ற குளிர்ப் பகுதிகளில் பனிக்காலம் வந்தாலே மெலிந்துபோகும் குதிரைகள் உண்டு. தரோபிரெட் இனத்திலும் வயதானவற்றிலும் இது அதிகம். மெலிவைக் கண்டதும் ஓட்ஸைக் கூட்டுவது பலரின் வழக்கம். ஆனால் முதலில் கூட்ட வேண்டியது உலர்புல். பின்குடலில் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்கையில் பிறக்கும் வெப்பம் உடலைக் கதகதப்பாக வைக்கிறது. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 10 கிலோ, அதாவது எடையில் 2 விழுக்காடு உலர்புல் தேவை; கடுங்குளிரில் இன்னும் கூடுதலாக. முற்றி விறைத்த புல்லால் பயன் குறைவு.

கிலோவுக்குக் கிலோ தானியத்தில்தானே ஆற்றல் அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரே வேளையில் அளவு மீறினால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பின்குடலில் அமிலமாகி வயிற்றுவலியையும் குளம்பழற்சியையும் வரவழைக்கும். ஊறவைத்த சர்க்கரை பீட் சக்கையும், சிறுகச் சிறுகக் கூட்டிய தாவர எண்ணெயும் அந்த ஆபத்தின்றி ஆற்றல் தரும். இருந்தும் தேறாவிட்டால் குடற்புழுவையும் பல்லையும் சோதிக்க வேண்டும். பாதி மென்ற புல் உருண்டைகள் தொட்டியடியில் கிடந்தால் கோளாறு பல்லில்தான். தண்ணீரையும் கவனிக்க வேண்டும்: உறையும் நிலையிலுள்ள தண்ணீரைக் குதிரை குறைவாகவே குடிக்கும். அப்போது குடலில் தீவனம் இறுகிவிடும்.

அடர்ந்த குளிர்கால ரோமம் விலா எலும்புகளை மறைத்துவிடும் என்பதால் பார்வையை நம்பக் கூடாது. 1983-இல் ஹென்னிகி வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவுகோலின்படி, கையால் தடவிப் பார்த்தே மதிப்பிட வேண்டும். குளிர் தொடங்கும் முன்பே குதிரை அந்த அளவுகோலில் 5 அல்லது 6-இல் இருப்பது நல்லது.