ஒரு விமானத்தில் சேர்த்த மைல், வேறு விமானத்தில் பயணம்: செய்வது எப்படி?

வளைகுடாவில் பதினைந்து, இருபது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் பர்ஸில், பழைய இகாமா நகலோடு விமான நிறுவனத்தின் உறுப்பினர் அட்டை ஒன்றும் இருக்கும். "இதுல நிறைய பாயின்ட் கெடக்குதாம் ஹஜ்ரத், அந்த ஃப்ளைட் நம்ம ஊர் பக்கமே வராதே, என்ன செய்ய?" என்று லுஹர் தொழுகைக்குப் பிறகு கேட்டவர்கள் உண்டு. அந்த நிறுவனத்தின் விமானத்தில்தான் அந்த மைல்களைச் செலவழிக்க வேண்டும் என்று நினைத்து, காலாவதியாக விட்டுவிடுகிறவர்களே அதிகம். அது தவறான எண்ணம். பெரும்பாலான நிறுவனங்களின் மைல்களைக் கொண்டு, அவற்றின் கூட்டாளி நிறுவனங்களின் விமானத்திலும் டிக்கெட் எடுக்கலாம்.

முதலில் யார் யாரோடு கூட்டு என்பது தெரிய வேண்டும். உலகில் மூன்று பெரிய கூட்டணிகள் இருக்கின்றன. 1997-ல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ் மூத்தது. ஏர் இந்தியா 2014-ல் அதில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, துருக்கி ஏர்லைன்ஸ், ஈஜிப்ட் ஏர், யுனைடெட் ஆகியவையும் அதில்தான் உள்ளன. 1999-ல் வந்த ஒன்வேர்ல்ட் கூட்டணியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ், ராயல் ஜோர்டானியன் இருக்கின்றன. ஓமான் ஏர் 2025-ல் சேர்ந்தது. 2000-ல் உருவான ஸ்கைடீமில் ஏர் பிரான்ஸ், கே.எல்.எம்., கருடா இந்தோனேசியா ஆகியவற்றோடு சவூதியாவும் உள்ளது.

எமிரேட்ஸ், எத்திஹாத் இரண்டும் எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஆனாலும் தனித்தனி ஒப்பந்தங்கள் வைத்திருக்கின்றன. எமிரேட்ஸின் ஸ்கைவேர்ட்ஸ் மைல்களை ஃப்ளைதுபாயிலும் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸிலும் பயன்படுத்தலாம்.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி இடறுவது துணை நிறுவனங்களில். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் பறக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஏர் இந்தியாவின் பிள்ளைதான். ஆனால் ஸ்டார் அலையன்ஸில் உறுப்பினர் இல்லை. திருச்சி–சிங்கப்பூர் பறக்கும் ஸ்கூட்டும் அப்படியே. தாய் நிறுவனம் கூட்டணியில் இருப்பதால் வேறொரு கூட்டாளியின் மைலை வைத்து அதில் டிக்கெட் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

மைல் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் புக்கிங்

இதுதான் அடிப்படை விதி. கத்தார் ஏர்வேஸில் சேர்த்த மைலைக் கொண்டு ஸ்ரீலங்கன் விமானத்தில் போக வேண்டுமானால், கத்தார் ஏர்வேஸின் தளத்தில் அல்லது அதன் கால் சென்டரில்தான் எடுக்க வேண்டும். ஸ்ரீலங்கன் அலுவலகத்தில் போய் நின்றால் அவர்களால் உங்கள் கணக்கைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. எத்தனை மைல் பிடிப்பார்கள் என்பதும் மைல் வைத்திருக்கும் நிறுவனத்தின் அட்டவணைப்படிதான். அதனால் ஒரே விமானத்தின் ஒரே இருக்கைக்கு ஒரு திட்டத்தில் ஒரு கணக்கும் இன்னொரு திட்டத்தில் வேறு கணக்கும் வரும்.

அடுத்தது இருக்கை. விமானத்தில் ஐம்பது இடம் காலியாக இருந்தாலும் கூட்டாளிகளுக்குத் திறந்துவிடுவது இரண்டோ நான்கோதான். சில நாள் ஒன்றுமே இருக்காது. ரமளான் மாத உம்ரா, பள்ளிக்கூட கோடை விடுமுறை, பெருநாளை ஒட்டிய நாட்கள் இவற்றில் கிடைப்பது மிக அரிது. பல நிறுவனங்கள் ஏறத்தாழ பதினோரு மாதத்துக்கு முன்பே இடங்களைத் திறக்கின்றன. குடும்பமாக ஐந்து பேர் போகிறவர்கள் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து போக மனம் தயாராக இருக்க வேண்டும். வயதான உம்மாவோடு யார் போவது என்பதை அதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வங்கி அட்டையில் சேரும் பாயின்ட்டை விமான மைலாக மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது ஒருவழிப் பாதை. மாற்றியபின் திரும்ப வங்கிக்கு வராது. எனவே இருக்கை இருப்பதைக் கண்ணால் பார்த்தபிறகே மாற்ற வேண்டும். (கிரெடிட் கார்டு வட்டி பற்றிய மார்க்கச் சட்டம் தனியாகப் பேச வேண்டியது, பாயின்ட் ஆசையில் அதை மறந்துவிட வேண்டாம் என்று மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.)

அவியோஸ் என்ற மைலுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் பயன்படுத்தி வந்த இந்த நாணயத்தை 2022-ல் கத்தார் ஏர்வேஸும் ஏற்றுக்கொண்டது. இப்போது இரு கணக்குகளையும் இணைத்து, ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அங்குமிங்கும் மாற்றலாம். லண்டனில் இருக்கும் மகன் தன் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவியோஸை அவனுடைய கத்தார் கணக்குக்கு மாற்றி, பெற்றோருக்குச் சென்னை–தோஹா–மதீனா டிக்கெட் எடுத்துத் தரலாம். கொழும்பில் குடும்பம் உள்ளவர், லண்டனிலிருந்து நேராகக் கொழும்பு செல்லும் ஸ்ரீலங்கனில் அதே அவியோஸைச் செலவிடலாம். மைல் ஒருவருடையது, பயணம் இன்னொருவருடையது என்பதைப் பல திட்டங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் சிங்கப்பூரின் கிரிஸ்ஃப்ளையரில், யாருக்கெல்லாம் எடுக்கலாம் என்று ஐந்து பேர் வரை பெயரை முன்கூட்டியே பதிய வேண்டும்.

"இலவச" டிக்கெட்டுக்கும் பணம் உண்டு

மைல் கழிவது அடிப்படைக் கட்டணத்துக்குத்தான். விமான நிலைய வரி கையிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு மேல் சில நிறுவனங்கள் 'சர்சார்ஜ்' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். டிக்கெட் விவரத்தில் ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற எழுத்துகளோடு நிற்பது அதுதான். அதைச் சேர்த்தால், சாதாரணமாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாமே என்று தோன்றும் அளவுக்குச் சில சமயம் போய்விடும்.

இதிலும் திட்டத்துக்குத் திட்டம் வித்தியாசம். அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் ஃபிராங்பர்ட் வழியாகச் சென்னைக்கு லுஃப்தான்சாவில் வர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லுஃப்தான்சாவின் சொந்த மைலில் எடுத்தால் சர்சார்ஜ் கனமாக விழும். அதே விமானத்தை யுனைடெட்டின் மைலில் எடுத்தால் சர்சார்ஜ் கிடையாது, வரி மட்டும்தான். ஆகவே மைல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், பணம் கட்டும் பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டு, அதே நாளின் சாதாரண டிக்கெட் விலையோடு ஒப்பிடுங்கள். விலை மலிவாக இருக்கும் மாதத்தில் காசு கொடுத்து வாங்கிவிட்டு மைலைச் சேமித்து வைப்பதே பல நேரம் புத்திசாலித்தனம்.

பெயர் என்ற பெரும் தலைவலி

முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பாஸ்போர்ட்டில் ஒன்று, விமானக் கணக்கில் இன்னொன்று, வங்கி அட்டையில் மூன்றாவது. இதில் வாப்பாவின் பெயர் முன்னெழுத்தாக ஓரிடத்தில், முழுப்பெயராக வேறிடத்தில். கணக்கிலுள்ள பெயரும் டிக்கெட்டிலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மைல் ஏறாது; இரண்டு கணக்குகளை இணைக்கவும் முடியாது. எனவே கணக்கு தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே போடுங்கள். ஏற்கெனவே தவறாக இருந்தால், மைலைப் பயன்படுத்தும் அவசரம் வருவதற்கு முன்பே பாஸ்போர்ட் நகல் அனுப்பித் திருத்திக்கொள்ளுங்கள். மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப்போட வேண்டாம். விட்டுப்போன மைலைக் கேட்க அதுதான் சாட்சி.

டிக்கெட் கைக்கு வந்தபின் பார்க்க வேண்டியவை இரண்டு. பதின்மூன்று இலக்க டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்பது முதலாவது. வெறும் பிஎன்ஆர் மட்டும் வந்தால் இடம் பிடித்திருக்கிறது, டிக்கெட் ஆகவில்லை என்று பொருள். அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும்: 098 ஏர் இந்தியா, 157 கத்தார், 603 ஸ்ரீலங்கன், 618 சிங்கப்பூர், 065 சவூதியா. தேதி மாற்றவோ ரத்து செய்யவோ அந்த நிறுவனத்திடம்தான் போக வேண்டும். இரண்டாவது, பறக்கும் நிறுவனத்தின் பிஎன்ஆர். இது பெரும்பாலும் வேறாக இருக்கும். கால் சென்டரில் கேட்டு வாங்கி, பறக்கும் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே பெயர் தெரிந்தால் நிம்மதி. லக்கேஜ் அளவு, சக்கர நாற்காலி, திரும்பும்போது ஸம்ஸம் பெட்டி இவற்றை எல்லாம் பறக்கும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

மைல் விற்பவர்களிடம் எச்சரிக்கை

"பாதி விலையில் உம்ரா டிக்கெட்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களில் சில, வேறொருவரின் மைலில் எடுத்த டிக்கெட்டுகள். மைலைக் காசுக்கு விற்பதைப் பெரும்பாலும் எல்லா நிறுவனங்களின் விதிகளும் தடை செய்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி, டிக்கெட்டையும் ரத்து செய்துவிடுவார்கள். முன்கூட்டியே அறிவிப்பார்கள் என்ற உறுதியும் கிடையாது. போகும்போது ரத்தானால் பணம் மட்டும் போகும். ஜித்தாவிலிருந்து திரும்பும் டிக்கெட் ரத்தானால், விசா நாளும் முடிந்து, கையில் காசில்லாமல், மொழி தெரியாத முதியவர்கள் கவுண்டர் முன் நிற்பார்கள். அவர்களால் நிறுவனத்திடம் முறையிடவும் முடியாது; டிக்கெட் எடுத்தவர் வேறொருவர். உறுப்பினராகச் சேரும்போது விற்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு விற்பது வாக்குறுதி மீறல் என்பதையும் விற்கிறவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்த மகனோ மருமகனோ தன் மைலில் எடுத்துத் தருவது இதில் சேராது.

கடைசியாக, காலாவதி. கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். யுனைடெட் மைலுக்குக் கெடு இல்லை. வேறு பல திட்டங்களில், குறிப்பிட்ட காலம் கணக்கில் எந்த வரவு செலவும் இல்லாவிட்டால் மொத்தமும் போய்விடும். சிறிய அளவு மைல் ஏறினாலே கெடு புதுப்பிக்கப்படும். உறுப்பினர் இறந்துவிட்டால் மைலை வாரிசுகளுக்குத் தருவதா என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். பணத்தைப் போல அது தானாக வந்து சேராது. வீட்டில் வாப்பாவின் பழைய அட்டை இருந்தால், இந்த வாரமே அந்த எண்ணைப் போட்டுக் கடவுச்சொல்லை மீட்டு, எவ்வளவு இருக்கிறது, எந்தத் தேதி வரை என்று பார்த்துவிடுங்கள்.