கெடிலக் கரையில் கடலூர்

கள்ளக்குறிச்சிப் பக்கம் தோன்றி, கடலூரில் கடலோடு சேரும் சிறிய ஆறு கெடிலம். மழைக்காலம் கழிந்தால் பெரும்பாலும் மணல்தான் தெரியும். இந்த ஆற்றங்கரையின் வரலாற்றுக்கென்றே புலவர் சுந்தர சண்முகனார் ‘கெடிலக் கரை நாகரிகம்’ என்று தனி நூல் எழுதினார். அத்தனை செய்தி இதன் கரையில் கிடக்கிறது.

காடாம்புலியூரின் முந்திரிக் காடுகளையும் பலாத் தோப்புகளையும் கடந்து பண்ருட்டிக்கு வந்தால், ஊரை ஒட்டியே திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. சமண மடத்தில் தருமசேனராக இருந்த, அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர், சூலைநோய் தாளாமல் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்தது இங்கேதான். ஆற்றோடு இறங்கினால் அடுத்தது திருவந்திபுரம்: தேவநாதப் பெருமாள் கோயில் கொண்ட திவ்யதேசம், வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர்.

அதற்குக் கிழக்கே, ஊரார் பேச்சில் திருப்பாப்புலியூராகிவிட்ட திருப்பாதிரிப்புலியூர். பாதிரி மரம் தலமரமானதால் வந்த பெயர். பழைய பெயர் பாடலிபுத்திரம். பெரிய சமண மடம் இங்கே இருந்தது. ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல் பாடலிகையில் கி.பி. 458-இல் எழுதி முடிக்கப்பட்டதாக அந்நூலே கூறுகிறது. தருமசேனர் கற்றதும் இந்த மடத்தில்தான். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அவர், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து வந்து இங்கே கரையேறினார் என்பது பெரியபுராணம். அந்த இடத்துக்கு இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர். வண்டிப்பாளையத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே போய் நின்றால் ஆறு கண்ணில் படாது. அப்போது பாடலீசுவரர் கோயிலுக்குத் தெற்கே ஓடிய கெடிலம் பிற்காலத்தில் வடக்கே விலகிவிட்டது. ஆறு போன பிறகும் கரையைப் பெயரில் காத்து வைத்திருக்கிறார்கள் ஊரார். சித்திரையில் பாடலீசுவரர் கோயில் சார்பில் அப்பர் கரையேறிய விழா நடக்கிறது.

இன்றைய ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மஞ்சக்குப்பம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக் காலத் தோட்ட மாளிகை இங்கே இருக்கிறது. கும்பினி அதிகாரி கிளைவ் குடியிருந்த அது இன்று ஆட்சியரின் இல்லம்.

முகத்துவாரத்தில், தேவனாம்பட்டினத்தை ஒட்டி இருந்தது புனித டேவிட் கோட்டை. 1690-இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் ஆங்கிலக் கும்பினி இதை வாங்கியது. அப்போது எல்லை குறித்த முறைக்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம்: கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரை நிலம் கும்பினிக்கு. செப்டம்பரில் நெடுந்தூரம் எட்டும் பீரங்கியை வைத்து நாலா பக்கமும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்டவை ‘குண்டுக் கிராமங்கள்’ ஆயின. உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. குண்டு விழுந்த அன்றே அவர்களுக்கு ஆள்பவர் மாறினார். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரையும் அந்த நாளோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும் தென்னாட்டில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். 1752 வரை அந்நிலை நீடித்தது. இந்தியப் படையின் தந்தை எனப்படும் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் 1748-இல் வந்திறங்கியது இங்கே. 1756-இல் கிளைவ் இதன் துணை ஆளுநர். இரண்டே ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இப்போது மிஞ்சியிருப்பவை சிதைந்த சில சுவர்களே.

தெற்கே உப்பனாற்றங்கரையில் முதுநகர், பழைய துறைமுகம். 1783-இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் உள்ளே இருக்க, ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை நகரை முற்றுகையிட்டது. ஜூன் 20 அன்று எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரானும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து சேர்ந்ததும் முற்றுகை நின்றது. இந்தத் துறைமுகத்தின் முகத்துவாரம் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டன. அவற்றின் சரக்கைப் படகுகள்தான் உப்பனாறு வழியாகக் கரைக்குக் கொண்டுவந்தன.