ககோளம் போன இடம்

‘பூகோளம்’ என்றால் புவியியல் பாடம் என்று பழைய தலைமுறைக்குத் தெரியும். அதன் ஜோடிச் சொல் ‘ககோளம்’. க என்றால் ஆகாயம், கோளம் என்றால் உருண்டை. தெலுங்கிலும் இந்தியிலும் வானியலுக்கு இன்றும் இதுவே பெயர். தமிழில் வானியல் என்ற சொல் நிலைத்தபின் ககோளம் அகராதியோடு நின்றுவிட்டது.

கோளையும் கோளத்தையும் குழப்பக் கூடாது. கோள், ‘கொள்’ என்ற வினையில் பிறந்த தமிழ்ச்சொல். கோளமோ வடமொழி வரவு. ஆரியபட்டரின் நூலில் கடைசிப் பகுதிக்கே ‘கோளபாதம்’ என்றுதான் பெயர். மரத்தில் உருண்டை செய்து, பாதரசம், எண்ணெய், தண்ணீர் கொண்டு காலத்துக்கு ஈடாக அதைச் சுழலவைக்க வேண்டும் என்கிறார் அவர்.

அரபியர் விண்மீன் உருண்டையைப் ‘பீடமுள்ள உருண்டை’ என்றார்கள். பீடத்துக்கு அவர்கள் சொன்ன சொல் குர்சி. இந்தியில் நாற்காலியைக் குறிக்கும் அதே குர்சிதான்.

சொல்லுக்குரிய பொருளைத் தேடினால் முகலாயர் கால லாகூருக்குத்தான் போக வேண்டும். அங்கே அல்லாதாத் என்பவரின் குடும்பம் நான்கு தலைமுறையாக வானியல் கருவிகள் செய்தது. கொள்ளுப்பேரன் ஜியாவுத்தீன் முகம்மது அவர்களில் பெயர்பெற்றவர். பிற இடங்களில் உலோக உருண்டை என்றால் இரண்டு அரைக்கோளங்களை ஒட்டுவார்கள். இவர்கள் ஒட்டே இல்லாமல் முழுதாக வார்த்தார்கள்.

முறை மெழுகு வார்ப்புதான். சுவாமிமலையில் சிலைகளைப் பெரும்பாலும் கனமாக வார்ப்பார்கள். லாகூர்க்காரர்கள் பொள்ளலாக வார்த்தார்கள். உள்ளே கரு, மேலே மெழுகு, அதன்மேல் மண். மெழுகு உருகி வழிந்த இடத்தில் பித்தளை புகும். பிறகு துளை வழியே கருவை உடைத்தெடுத்து, துளையை வட்டத் தக்கையால் அடைத்து, தடம் தெரியாமல் தேய்ப்பார்கள். உற்றுப் பார்த்தால் அந்தத் தக்கைகள் இன்றும் தெரியும். விண்மீன்களுக்கு வெள்ளிப் பொட்டுகள். சுமார் ஆயிரம் மீன்கள். தாலமியின் பட்டியல்தான் மூலம். ஆகாயத்தை வெளியே நின்று பார்ப்பதுபோல் வரைவதால் எல்லாம் இடவலம் மாறியிருக்கும். இதைத் தலைகீழாக நினைத்துச் செதுக்குவதுதான் உண்மையான வித்தை என்று சொல்ல வேண்டும்.

1842இல் லாலா பல்ஹுமல் என்ற இந்துக் கைவினைஞர் அதே லாகூரில் இப்படியோர் உருண்டையை வார்த்தார். எமிலி சாவேஜ்-ஸ்மித் இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1985இல் நூலாக்கினார்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மினுமினுப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். விண்மீன்களின் இடம் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகரும். அந்தக் காலத்துக் கைவினைஞர்களும் தங்கள் கணக்குப்படி பழைய பட்டியலைத் திருத்திக்கொண்டார்கள். உருண்டையில் பொறித்த ஆண்டும் மீன்கள் நிற்கும் இடமும் ஒத்துவராவிட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.